கார்த்திகை மழைக்குப் பழகிய நமக்குப் பள்ளத்தாக்கு வெள்ளம் ஏன் பிடிபடுவதில்லை?

2021 ஜூலை 14ஆம் திகதி, ஜேர்மனியின் மேற்குப் பக்கத்தில் ஆர் என்ற சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில், ஒரே நாளில் சில இடங்களில் 100 முதல் 150 மில்லிமீற்றர் வரை மழை பெய்தது. திருகோணமலையில் இருப்பவருக்கு இந்த எண் பெரிதாகத் தோன்றாது. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் போதும், நிலாவெளியிலும் மூதூரிலும் ஒரு நாளிலேயே அவ்வளவும் கொட்டிவிடும். வளவுக்குள் தண்ணீர் நிற்கும், கிணறு நிரம்பிக் கலங்கும், பாடசாலைக்கு இரண்டு நாள் லீவு விடுவார்கள். பெரும்பாலும் அதோடு சரி. ஆர் பள்ளத்தாக்கிலோ மறுநாள் விடிவதற்குள் 130க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள்.

மழை ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு எப்படி இவ்வளவு வித்தியாசம்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் திடீர் வெள்ளம் என்றால் என்ன என்பது முக்கால்வாசி விளங்கிவிடும். கடற்கரைச் சமதரையில் இருக்கும் நாம் எதற்காக இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கலாம். நம்மவர்கள் விடுமுறை என்றால் எல்லவுக்கும் நுவரெலியாவுக்கும் வாகனம் பிடித்துப் போய் ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். பாதிச் சொந்தம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு பள்ளத்தாக்கு ஊரில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, நம் மாவட்டத்திலேயே ஒரு தடவை இது நடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது ஒரு லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர் என்றால் 100 லீற்றர், அதாவது அரைப் பரல். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கிறது. ஆனால் ஒரு சதுர கிலோமீற்றருக்கு அது ஒரு லட்சம் தொன். ஆர் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலத்தின் பரப்பு, நம் நீர்ப்பாசனக்காரர்கள் நீரேந்து பிரதேசம் என்று சொல்வது, கிட்டத்தட்ட 900 சதுர கிலோமீற்றர். எல்லா இடத்திலும் 100 மில்லிமீற்றர் விழுந்ததாக வைத்துக்கொண்டால் 9 கோடி கன மீற்றர் தண்ணீர் வருகிறது. கந்தளாய்க் குளத்தின் முழுக் கொள்ளளவே ஏறத்தாழ 13.5 கோடி கன மீற்றர்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு வானத்திலிருந்து ஒரு நாளில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவும் ஆற்றுக்கு வராது, ஒரு பங்கை மண் குடித்துவிடும். எவ்வளவு குடிக்கும் என்பதில்தான் முதல் வித்தியாசம்.

நம் கரையோரம் மணல். உப்புவெளியில் ஒரு மணித்தியாலம் மழை அடித்து ஓய்ந்தால் அரை மணித்தியாலத்தில் முற்றம் காய்ந்துவிடும். உள்ளே தம்பலகாமம் பக்கம் போனால் வயல். ஒவ்வொரு வரப்பும் ஒரு சாண் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கும். அதற்கும் மேலே குளங்கள், ஒன்று நிரம்பி மிகைநீர் வழியும் வான் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் வரிசை. இந்த நாட்டில் மழைத் தண்ணீருக்குக் கடல் வரைக்கும் ஆயிரம் இடத்தில் உட்கார்ந்து எழும்ப வேண்டியிருக்கிறது. ஆர் பள்ளத்தாக்கில் அப்படி இல்லை. செங்குத்தான சரிவு, அடியில் சிலேட்டுப் பாறை, அதன்மேல் மெல்லிய மண். ஆற்றின் கீழ்ப்பகுதிச் சரிவுகள் பலவற்றில் திராட்சைத் தோட்டம். அதற்கு முந்திய வாரங்களிலும் மழை பெய்து மண் ஏற்கெனவே நனைந்து ஊறிப்போயிருந்தது. ஊறிய மண் புதுத் தண்ணீரை ஏற்காது. தகரக் கூரையில் விழும் மழை பீலிக்கு ஓடுவதுபோல, சரிவில் விழுந்ததில் பெரும் பங்கு ஆற்றுக்கு இறங்கியது.

இரண்டாவது வித்தியாசம் நேரம். எனக்கு இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சாகத் தெரிகிறது, ஆகையால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஆற்றங்கரையில் ஓரிடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். உங்களுக்கு மேலே, தூரத்து மலை முகட்டில் ஒரு துளி விழுகிறது. அது உங்கள் காலடிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒரு சிறிய மலை ஓடை ஐந்து கிலோமீற்றர் நீளம், தண்ணீர் செக்கனுக்கு இரண்டு மீற்றர் வேகத்தில் இறங்குகிறது என்று வையுங்கள். 2,500 செக்கன், அதாவது நாற்பது நிமிடம் சொச்சம். இனி மகாவலியை எடுங்கள். 335 கிலோமீற்றர் நீளம். செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் என்று தாராளமாக வைத்தாலும், தலையில் விழுந்த துளி கொட்டியார் குடாவுக்கு வர இரண்டரை நாள் பிடிக்கும். நடுவே இருக்கும் நீர்த்தேக்கங்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஓடையில் அந்த நாற்பது நிமிடமும் விடாமல் மழை பெய்தால் என்ன ஆகும்? கிட்ட விழுந்த தண்ணீரும் தூர விழுந்த தண்ணீரும் ஒரே நேரத்தில் உங்கள் காலடியில் ஒன்றுசேரும். நீரேந்து பிரதேசம் முழுவதும் ஒரே வாயால் பேசுகிற தருணம் அது. பெரிய ஆற்றில் இப்படி ஒன்றுசேர நாட்கணக்கில் அடைமழை வேண்டும். சின்னப் பள்ளத்தாக்குக்கு ஒரு மாலை நேர இடிமழையே போதும். மழை தொடங்கி ஆறு மணித்தியாலத்துக்குள் பெருகுவதைத்தான் வானிலை அவதானிப்பாளர்கள் பொதுவாகத் திடீர் வெள்ளம் என்று வகைப்படுத்துகிறார்கள். சிறிய ஓடைகளில் ஒரு மணித்தியாலம்கூட ஆவதில்லை.

நமக்குப் பழகிய வெள்ளம் வேறு சாதி. மலைநாட்டில் மழை என்று வானொலியில் கேட்டால், வெருகலிலும் ஈச்சிலம்பற்றிலும் நாளைக்கு ஆறு ஏறும் என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். நெல் மூட்டையை மேசைக்கு மேல் ஏற்றலாம், மாட்டை மேட்டுக்குக் கொண்டுபோகலாம், ஆவணங்களைப் பொலித்தீன் பையில் கட்டலாம். தண்ணீர் வாசற்படியைத் தொட்டதும் கிளம்பினாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது இந்த இரண்டு சாதி வெள்ளத்தையும் ஒரே வாரத்தில் நாடு பார்த்தது. கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் ஓடைகளும் மண்சரிவும் இரவோடிரவாக வீடுகளை அடித்துக்கொண்டு போயின. அதே மழையின் தண்ணீர் மகாவலி வழியாக இறங்கி, பிந்தி வந்து, மாவிலாற்றுப் பக்கம் அணைக்கட்டை உடைத்து மூதூர், வெருகல் ஊர்களை மூழ்கடித்தது. இங்கேயும் அழிவு பெரிதுதான். ஆனால் மேலே நடந்தது கீழே வர நேரம் இருந்தது.

இந்த இடத்தில்தான் பழக்கம் நம்மைக் கவிழ்க்கிறது. வாசற்படியில் தண்ணீர் ஏறட்டும், பார்த்துக்கொண்டு கிளம்பலாம் என்கிற புத்தி கரையோரத்தில் சரியான புத்தி. பள்ளத்தாக்கில் வாசற்படியை நனைக்கும் தண்ணீருக்கும் ஜன்னலை முட்டும் தண்ணீருக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இருக்கும்.

தண்ணீராலை சொல்லும் கதை

ஆர் மாதிரியான ஐரோப்பியப் பள்ளத்தாக்குகளில் ஒரு விஷயம் தவறாமல் இருக்கும்: ஆற்றோரம் கல்லால் கட்டிய பழைய ஆலைகள். மாவரைக்க, மரமறுக்க, இரும்படிக்க என்று நீராவியும் மின்சாரமும் வருமுன்னர் தண்ணீரால் ஓடியவை. இன்றைக்குப் பலது தங்கும் விடுதியாகவோ யாரோ ஒருவரின் வீடாகவோ மாறிவிட்டன. நம் பக்கம் இப்படி ஒன்றைக் காண முடியாது. உரலில் குத்தினோம், பிறகு நேரே என்ஜின் மில்லுக்குப் போய்விட்டோம். சமதரையில் தண்ணீருக்கு விழ இடமில்லை, விழாத தண்ணீர் சக்கரம் சுற்றாது. மலையகத்தில் பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் சிலவற்றுக்குத் தண்ணீர் வலுக் கொடுத்ததுண்டு, அங்கே சரிவு இருக்கிறது.

ஆலை வேலை செய்யும் விதம் எளிது. ஆலைக்குச் சில நூறு மீற்றர் மேலே ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தாழ்ந்த தடுப்பணை. அங்கிருந்து கரையோரமாக ஒரு வாய்க்கால் பிரியும். ஆறு தன் பாட்டில் இறங்கிக்கொண்டே போக, வாய்க்கால் மட்டும் கிட்டத்தட்டச் சரிவே இல்லாமல் வரும். ஆலைக்கு வந்து சேரும்போது வாய்க்கால் ஆற்றைவிட இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் நிற்கும். அந்த உயரத்திலிருந்து தண்ணீர் சக்கரத்தின் பெட்டிகளில் விழ, பாரத்தால் சக்கரம் சுற்றும், அச்சும் பற்சக்கரமும் திரிகைக் கல்லைச் சுழற்றும். வேலை முடிந்த தண்ணீர் கீழே ஆற்றோடு சேர்ந்துவிடும். வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து மூட ஒரு துருசு, அதிகத் தண்ணீரைத் திருப்பி விட ஒரு வான். குளம் தெரிந்த யாருக்கும் இது புதிதில்லை.

செக்கனுக்கு 100 லீற்றர் தண்ணீர் மூன்று மீற்றர் விழுந்தால் கிடைக்கும் வலு ஏறத்தாழ 3 கிலோவாற், நாலு குதிரைவலு. ஒரு சாதாரண மாவாலைக்கு அது போதும். தண்ணீரின் அளவையும் விழும் உயரத்தையும் பெருக்கினால் வருவதுதான் இந்த வலு. அந்தக் கணக்குக்கு ஆலையென்றும் வெள்ளமென்றும் பேதம் கிடையாது. ஆகவே அதையே 2021க்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர் ஆற்றில் அல்தனார் என்ற ஊரில் வழக்கமாக ஓடுவது செக்கனுக்கு 7 கன மீற்றர் அளவு. அன்றிரவு உச்சத்தில் ஓடியதைப் பற்றிய மதிப்பீடுகள் 1,000 கன மீற்றரை ஒட்டி வருகின்றன, நூறு மடங்குக்கும் மேல். ஆறு தலையிலிருந்து ரைன் நதி வரைக்கும் 85 கிலோமீற்றரில் 400 மீற்றருக்கு மேல் இறங்குகிறது, சராசரியாகக் கிலோமீற்றருக்கு ஐந்து மீற்றர். பெருக்கினால் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் 49,000 கிலோவாற் வருகிறது. ஒரு கிலோமீற்றர் கரையில் பதினாறாயிரம் ஆலைகளைச் சேர்ந்தாற்போல் ஓட்டக்கூடிய வலு அது. சுற்றுவதற்குச் சக்கரம் இல்லாத அந்த வலு கரையைத் தோண்டுகிறது, பாறையை உருட்டுகிறது, சுவரைத் தள்ளுகிறது.

ஆக, ஒரு பள்ளத்தாக்கில் பழைய தண்ணீராலை இருக்கிறது என்றால் அந்த இடத்தில் தண்ணீருக்கு விழ உயரம் இருக்கிறது, தோளில் வலு இருக்கிறது என்று பொருள். அழகான இடம் என்று படம் எடுக்கும் அதே இடம்தான்.

ஆலைக்காரர்களுக்கு வெள்ளம் வருவதைக் காட்டும் ஒரு குறி இருந்தது. ஆற்றில் தண்ணீர் கூடினால் சக்கரம் வேகமாகச் சுற்றும் என்றுதான் நினைப்போம். நடப்பது நேர்மாறு. கீழே ஆற்று மட்டம் ஏறி வந்து சக்கரத்தின் அடிப்பக்கத்தை மூழ்கடிக்கும். பெட்டிகள் தேங்கிய தண்ணீருக்குள்ளால் இழுபட வேண்டியிருக்கும். மேலிருந்து எவ்வளவு கொட்டினாலும் சக்கரம் திணறிக்கொண்டு மெதுவாகும், பிறகு நின்றுவிடும். கல் தளர்ந்து ஓடினால் துருசை மூடு, வானைத் திற, மாவு மூட்டையை மேல்தட்டுக்கு ஏற்று. இன்று அந்த ஆலைக்குள் தங்கியிருக்கும் உல்லாசப் பயணிக்கு இந்தக் குறி கிடைக்காது, சக்கரம் அலங்காரத்துக்கு நிற்கிறது.

ஆலைகள் மூடப்பட்ட பிறகு இன்னொன்றும் நடக்கும். வாய்க்காலுக்கு வேலையில்லை என்று மண் போட்டு மூடிவிடுவார்கள். அதன்மேல் கார் நிறுத்துமிடம் வரும், வீடு வரும். மூடியவருக்குப் பின் இரண்டு தலைமுறை போனால் வாய்க்கால் இருந்ததே ஊருக்குத் தெரியாது. ஆறு பொங்கும்போது தண்ணீருக்கு அது ஞாபகமிருக்கும் என்று நாம் கதையாகச் சொல்லலாம். உண்மையில் அந்தக் கோடு சுற்றியுள்ள நிலத்தைவிடக் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும், தாழ்வைத் தேடுவதுதான் தண்ணீருக்கு வேலை. இங்கே குளத்து வாய்க்காலை மூடி வளவு ஆக்கியவர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும்.

மறந்துபோன இரண்டு வெள்ளம்

ஆர் பள்ளத்தாக்கு வெள்ளத்தை "யாரும் எதிர்பாராதது" என்று அன்றைக்குப் பலர் சொன்னார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடில்லை. 1804 ஜூலை 21ஆம் திகதி அதே பள்ளத்தாக்கில் வந்த வெள்ளத்தில் 63 பேர் இறந்தார்கள். 129 வீடுகள், 18 ஆலைகள், 8 கொல்லுப்பட்டறைகள், கிட்டத்தட்ட எல்லாப் பாலங்களும் போயின என்று அக்காலத்துக் கணக்கு இருக்கிறது. 1910 ஜூன் மாதம் மறுபடியும்; அந்தத் தடவை ஐம்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களில் பலர் ரயில் பாதை போட வெளியிடங்களிலிருந்து வந்து ஆற்றோரம் கொட்டில் அடித்துத் தங்கியிருந்த கூலித் தொழிலாளர்கள். ஊருக்குப் புதியவருக்குத்தானே ஆற்றோரம் கிடைக்கும்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன்? நூறு வருடத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய வெள்ளம் எவ்வளவு என்று அதிகாரிகள் கணக்கிட்டு வைத்திருந்தார்கள்: அல்தனாரில் செக்கனுக்கு 241 கன மீற்றர். அந்தக் கணக்கு 1947இல் தொடங்கிய அளவீடுகளை வைத்துப் போடப்பட்டது. அதற்கு முந்திய இரண்டு பெரிய வெள்ளத்துக்கும் அளவுகோல் இல்லை, ஆகவே அவை கணக்கில் இல்லை. வரைபடத்தில் வெள்ள வலயம் அந்த 241க்கு ஏற்றபடிதான் வரையப்பட்டது. 2016இல் ஆறு 3.71 மீற்றர் ஏறியபோது அதுவே அளவுகோல் கண்ட உச்சம். 2021இல் 5.75 மீற்றரைக் காட்டிவிட்டு அளவுகோலையே வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதற்கு மேலும் பல மீற்றர் ஏறியதைச் சுவரில் ஒட்டிய சேற்றை வைத்துத்தான் பிறகு அளந்தார்கள். கல்வெட்டிலும் கோயில் பதிவிலும் பாட்டியின் வாயிலும் இருப்பதை "தரவு இல்லை" என்று ஒதுக்கும் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பது வேறு யாரோ.

பாலங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு வெள்ளம் வெறும் தண்ணீராக வருவதில்லை. வேரோடு பிடுங்கிய மரம், கார், எரிவாயுத் தாங்கி, முகாமில் நிறுத்தியிருந்த வண்டிவீடு எல்லாம் சேர்ந்து வரும். ஒடுங்கிய வளைவுள்ள பழைய கற்பாலத்தில் அவை சிக்கினால் பாலம் அணையாகிவிடும். பின்னால் தண்ணீர் தேங்கி ஊருக்குள் ஏறும். பாரம் தாங்காமல் அடைப்புப் பிய்த்துக்கொள்ளும்போது தேங்கியது முழுவதும் ஒரே அலையாகக் கீழே போகும். அடுத்த பாலத்தில் மறுபடியும் அதே கதை. ஆர் பள்ளத்தாக்கில் அறுபதுக்கும் மேற்பட்ட பாலங்கள் சேதமாகின. திடீர் வெள்ளத்தைப் பார்த்துத் தப்பியவர்கள் "சுவர் மாதிரி வந்தது" என்று சொல்வதற்கு ஒரு காரணம் இந்த அடைப்புகள்தான். வெள்ளம் படிப்படியாக ஏறாமல் படிகளையே தாண்டி ஏறுகிறது.

இதே ஆற்றில் ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. மேல்பகுதி ஊர்கள் மாலையிலேயே மூழ்கிவிட்டன. ஆறு ரைன் நதியில் கலக்கும் சின்சிக் நகருக்குப் பெருவெள்ளம் வந்தது நள்ளிரவு கடந்து. அங்கே மாற்றுத்திறனாளிகள் தங்கியிருந்த இல்லம் ஒன்றில் கீழ்த்தளத்தில் இருந்த 12 பேர் இறந்தார்கள். மாவட்ட நிர்வாகம் ஆற்றோரத்தவரை வெளியேறச் சொன்னது இரவு 11 மணிக்கு மேல்தான். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போன இரவில் செய்தி ஆற்றைவிட மெதுவாகப் போயிருக்கிறது.

மழையில்லாமல் வந்த வெள்ளம்

நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்பு முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மாரிமழை முடிந்து மாதக்கணக்கான காலம். அதிகாலை மூன்று மணிபோல் கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்தது. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தில் கட்டியதாகச் சொல்லப்படும் குளம் அது. தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் தண்ணீர் பாய்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், 1,600க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன.

இங்கே மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, மழைகூட இல்லை. ஆனாலும் இது திடீர் வெள்ளம்தான். ஏனென்றால் உயரத்தில் நின்ற பெருந்தண்ணீர் ஒரே நேரத்தில் விடுபட்டது, கீழே இருந்தவருக்கு நேரம் கொடுக்கவில்லை. சரிவு செய்யும் வேலையை இங்கே குளக்கட்டின் உயரம் செய்தது. கட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள் கட்டின் வெளிப்பக்கத்தில் புதிதாக ஊறும் ஈரத்தையும், கசியும் தண்ணீர் தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தெளிந்த கசிவு அநேகமாக எல்லா மண்கட்டிலும் இருக்கும். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டிய சங்கதி அது.

தண்ணீரின் பலம்

முழங்காலளவு தண்ணீர்தானே, நடந்துவிடலாம் என்று எல்லோரும் நினைப்போம். நிற்கும் தண்ணீரில் அது சரி. ஓடும் தண்ணீரின் தள்ளு வேகத்தோடு சேர்ந்து கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது. ஆகவே 15 சென்ரிமீற்றர், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, வேகமாக ஓடினால் வளர்ந்த ஆளையே விழுத்திவிடும். 30 சென்ரிமீற்றரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்ரிமீற்றர் என்றால் வான், ஜீப்பும் இழுபடும். வாகனம் பாரமாக இருப்பது உதவாது. அதற்குள் இருக்கும் காற்று அதை மிதக்க வைக்கிறது. சக்கரத்துக்குத் தரை கிடைக்காவிட்டால் ஸ்ரீயரிங் வெறும் அலங்காரம். போதாக்குறைக்குக் கலங்கிய தண்ணீருக்குக் கீழே வீதி இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது.

ஜேர்மனியில் அந்த வாரம் நிலவறைக்குள் இறங்கியும் சிலர் இறந்தார்கள். தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, பெட்டியை எடுக்க இறங்குவார்கள். வெளியே தண்ணீர் ஏறியதும் வெளிப்பக்க அழுத்தமே கதவைப் பூட்டிவிடும். அரை மீற்றர் தண்ணீர் முட்டும் கதவை ஒரு ஆளால் தள்ளித் திறப்பது கஷ்டம். நம் வீடுகளில் நிலவறை இல்லை என்று ஆறுதல் படலாம், ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இதைச் சொல்லி வையுங்கள்.

மலைநாட்டு ஓடையில் குளிக்கப் போகிறவர்களுக்கு

தலைக்கு மேலே வெயில் அடிப்பதை நம்பக் கூடாது. தண்ணீர் கொடுப்பது உங்கள் தலைக்கு மேலுள்ள வானம் இல்லை, ஐந்து கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள முகடு. அங்கே கறுத்திருந்தால், இடி கேட்டால், கரைக்கு ஏறிவிடுங்கள். பின்னேர இடிமழை வரும் மாதங்களில் காலையிலேயே குளித்து முடிப்பது நல்லது. புறப்படுமுன் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அந்த மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மண் சரியும் அளவுக்கு மலை ஊறியிருந்தால் ஓடையும் தயாராகத்தான் இருக்கும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

தண்ணீர் காட்டும் குறிகள் சிலது இருக்கின்றன. தெளிந்த ஓடை திடீரென்று தேயிலைச் சாய நிறமாகும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சத்தம் மாறும், கல் உருளும் அதிர்வு காலில் தெரியும். இவையெல்லாம் அநேகம் பேருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று: தண்ணீர் சட்டென்று குறைவது. மேலே எங்கேயோ மரமோ மண்சரிவோ ஓடையை அடைத்துவிட்டது என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். அடைப்பு உடைந்தால் என்ன வரும் என்று பாலங்களைப் பற்றிச் சொன்னபோது பார்த்தோம். தண்ணீர் வற்றியதே என்று நடு ஓடைக்கு மீன் பிடிக்க இறங்குவது அந்த நேரத்தில்தான் நடக்கும்.

ஓட வேண்டி வந்தால் ஓடையோடு கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களைவிட வேகம். பக்கவாட்டில் சரிவில் ஏறுங்கள். பத்து மீற்றர் உயரம் ஏறினால் அநேகமாகத் தப்பிவிடலாம், ஒரு கிலோமீற்றர் ஓடினாலும் தப்பாமல் போகலாம். செருப்பு, பானை, ஃபோன் எதற்கும் திரும்பி வர வேண்டாம்.

இடம் தெரிவு செய்யும்போது மரங்களை ஒருக்கால் அண்ணாந்து பாருங்கள். கிளையில் காய்ந்த புல்லும் பொலித்தீனும் தொங்கினால் அதுதான் போன வெள்ளத்தின் மட்டம். பாய் விரிக்கும் இடம் அதற்குக் கீழே என்றால் வேறு இடம் பாருங்கள். வாகனத்தை மணல் திட்டில் இறக்காமல் வீதியில், போகும் பக்கம் முகம் வைத்து நிறுத்துங்கள். அப்புறம் இன்னொன்று, குடும்பமாகப் போகிறவர்கள் பலர் கவனிக்காதது: எல்லோரும் ஒரே கரையில் இருங்கள். அடுப்பு இந்தக் கரையில், பிள்ளைகள் அந்தக் கரையில் விளையாட்டு என்று இருந்து தண்ணீர் ஏறினால், ஓடையைக் கடந்து பிள்ளையிடம் போகத்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் கால் வரும். பிள்ளை அந்தக் கரையிலேயே மேட்டில் ஏறி நின்றால் தண்ணீர் வடியும்வரை பாதுகாப்பாக இருந்துவிடும். குறுக்கே இறங்கியவர்தான் போய்விடுவார்.